கன்னத்தில் வைத்த பலகை

1597 அக்டோபர் 14, ஹார்லெம்

காலையிலிருந்து மழை. அச்சுப்பொறியின் திருகுக்குப் பன்றிக் கொழுப்பு தீர்ந்துவிட்டது என்கிறான் எவெர்ட். போன வாரம் வாங்கியது எங்கே என்றால், ரொட்டியில் தடவித் தின்றவனைப் போல முழிக்கிறான். அச்சடிக்க இவனை விட்டால் ஆளில்லை, அதனால் கேட்காமல் விட்டேன்.

மதியம் யோர்டன் வந்தார். புளூட்டோவின் கோட்டுக்கட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு மோர் கேட்டார். வேலை முடிந்தால் அவர் சொல்வதில்லை. மோர் கேட்டால் முடிந்தது என்று பொருள். இருபத்திரண்டு வருடமாக எனக்குக் கட்டை செதுக்குகிறார், ஒரு நாளாவது "எப்படி இருக்கு?" என்று கேட்டதில்லை.

பாதாளத்தின் ராஜா நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கையில் இரட்டை முனைக் கவைக்கோல். ஓவியர் பேனாவால் வரைந்து கொடுத்ததில் ஒரு மயிரிழைகூட மரத்தில் விட்டுப்போகவில்லை.

இனி நிறக்கட்டைகள். ஒரு சாமிக்கு மூன்று கட்டை: கோட்டுக்கு ஒன்று, இளநிறத்துக்கு ஒன்று, அடர்நிறத்துக்கு ஒன்று. மூன்றையும் ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்த வேண்டும். வெளிச்சத்துக்கு மை கிடையாது. நிறக்கட்டையில் யோர்டன் தோண்டியெடுத்த இடம் காகிதமாகவே நிற்கும், அதுதான் வெளிச்சம். வாங்க வருபவர்கள் நம்புவதில்லை. வெள்ளை மையை எதில் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்பார்கள். ரகசியம் என்பேன். ரகசியத்துக்கு நாலு காசு கூடக் கிடைக்கும்.

ஜூபிட்டரும் நெப்டியூனும் போன வருடமே முடிந்து அலமாரியில் இருக்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டிய பிராங்க்ஃபர்ட் சந்தைக்கு மூன்று சகோதரர்களும் சேர்ந்து போயாக வேண்டும். இரண்டு பேரை மட்டும் விரித்தால் மூன்றாமவன் செத்துவிட்டானா என்று கேட்பார்கள். முன்பு புனிதர்களை விற்றேன். ஊர் மதம் மாறிய பிறகு புனிதர்களை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. புளூட்டோ அம்மணமாகத் தொங்கலாம், போதகர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இரண்டு பேரிமரப் பலகைதான் தேவை. ஆம்ஸ்டர்டாம்காரர் எழுதிவிட்டார்: காய்ந்த பலகை இல்லை, வசந்தத்துக்குப் பிறகு பார்க்கலாம். வசந்தத்துக்குப் பிறகு அதை எரித்து நான் குளிர் காயவா?

அக்டோபர் 17

ஹேம்ஸ்டேட் போய் வந்தேன். அங்கே ஒரு தோட்டக்காரன் பேரிமரம் வைத்திருக்கிறான். பலகை அழகு. கணு இல்லை, வெடிப்பு இல்லை. எப்போது வெட்டியது என்றேன். போன பிப்ரவரிப் புயலில் விழுந்ததாம்.

எட்டு மாதம். மூன்று வருடமாவது காய வேண்டும்.

வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 18

அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். மணிக்கொரு தரம் திருப்பிவிட வேண்டும்.

அக்டோபர் 20

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

பலகை காய்ந்ததா என்று பார்க்க யோர்டன் நகத்தால் கீறுவதில்லை, தட்டிப் பார்ப்பதில்லை. கன்னத்தில் வைப்பார். உள்ளே ஈரம் இருக்கும் மரம் சில்லென்று இருக்கும், காய்ந்த மரம் இருக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு நாள் அடுப்படியில் வைத்தேன். அவர் வாசலில் கால்மண்ணைத் தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தேன்.

கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருப்பவரைப் போல இருந்தது.

"எத்தன வருஷம்?" என்றார்.

"நாலு. ஒரு கிழவன் பரண்ல கெடந்துது."

தலையாட்டினார். கொண்டுபோய்விட்டார்.

இதில் என்ன பெரிய பாவம்? வெளுப்புக்களத்தில் துணியை ஈரத்தோடு இழுத்து முழக்கோலில் அளந்து விற்காதவர் யார்? பலகை காய்வதற்குள் அச்சடித்து முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் போதும் அவருக்கு.

நவம்பர் 11

புனித மார்ட்டின் நாள். வாத்து வறுத்து யோர்டன் வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துப்போனேன். அவர் மனைவி அலைட் என் பழைய கூட்டாளி. மணல்மேட்டு வெளுப்புக்களத்தில் பதினாறு வயதில் இருவரும் ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தவர்கள். இன்றைக்கும் "ஏடி" என்றுதான் கூப்பிடுவாள்.

நிறக்கட்டை இன்னும் பாதிதான். பஞ்சாங்கக்காரனுக்கு ஏதோ அவசர வேலையாம், நடுவில் அதைச் செய்துகொடுத்திருக்கிறார். பலகைகள் அவர் மேசையில், அடுப்பிலிருந்து ஐந்தடி தூரத்தில் இருக்கின்றன. நாளுக்கு நாள் காயும்.

சீக்கிரம் முடியுங்கள் என்றேன். இடது கண்ணில் நீர் வடிகிறது என்றார். வேலையைக் காட்டும்போதும் துணியால் ஒற்றிக்கொண்டேதான் இருந்தார்.

டிசம்பர் 9

கால்வாய் உறைந்துவிட்டது. யோர்டன் வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறதாம்.

இரண்டு அடுப்பு!

1598 ஜனவரி 22

பொருந்தவில்லை.

காலையில் யோர்டன் நிறக்கட்டைகளோடு வந்தார், மோர் கேட்டார், எனக்கு உயிர் வந்தது. எவெர்ட் இளநிறத்துக்குக் காவி மஞ்சள் பூசினான், அடர்நிறத்துக்குப் பச்சை, கடைசியில் கறுப்புக் கோடு. மூடியைத் தூக்கி, காகிதத்தை உரித்தெடுத்தான். மூவரும் குனிந்தோம்.

படத்தின் நடுவில் எல்லாம் சரி. ஓரத்துக்குப் போகப்போக வெளிச்சம் நழுவுகிறது. புளூட்டோவின் வலது தோளில் விழ வேண்டிய வெளிச்சம் தோளைவிட்டு உள்ளே இறங்கி முதுகில் ஒரு வெள்ளைத் தழும்பாகக் கிடக்கிறது. இடது கையில் இரண்டு விளிம்பு. ஒரு வாற்கோதுமை மணி அகலம் இருக்கும், அவ்வளவுதான். அந்த அளவுக்கே ராஜா குடித்துவிட்டு ஆடுகிறவனைப் போல ஆகிவிட்டான்.

எவெர்ட் தாளின் இடத்தைக் குறிக்கும் ஊசியை மாற்றிக் குத்தி இன்னொரு தாள் எடுத்தான். இன்னொன்று. ஏழு தாள். ஏழிலும் அதேதான்.

யோர்டன் முதலில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அப்புறம் வலது கண்ணை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோர்க் குவளை பாதியில் நிற்கிறது.

"வயசாயிடுச்சும்மா அவருக்கு," என்றான் எவெர்ட்.

வாயை மூடு என்றேன்.

ஜனவரி 23

கோட்டுக்கட்டையில் எடுத்த தாளை நிறக்கட்டைமேல் வைத்து அளந்தேன். மேலும் கீழும் கச்சிதம், நூலளவும் பிசகில்லை. குறுக்கில்தான் குறைகிறது. கண் போனவன் கை நாலா பக்கமும் தவறும். மரம்தான் குறுக்கில் மட்டும் சுருங்கும்.

செதுக்கியபோது அவர் செதுக்கியது சரி. அப்புறம் மரம் தன் ஈரத்தைவிட்டு உள்வாங்கிக்கொண்டது. பஞ்சாங்கம், இரண்டு அடுப்பு, மூன்று மாதம் — எல்லாம் சேர்ந்து. இல்லை, என்னத்துக்குச் சுற்றி வளைக்க? நான் கொடுத்த பச்சை மரம்.

யோர்டன் அளந்தால் அவருக்கும் தெரிந்துவிடும். ஆனால் பயந்துபோனவன் அளக்க மாட்டான். அவர் அப்பாவும் கட்டை செதுக்கியவர்தான். அறுபதாவது வயதில் கண் போய், பாலம் ஓரத்தில் உட்கார்ந்து துடைப்பம் கட்டிப் பிழைத்தார். யோர்டனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு நடக்கிறது.

சொல்லிவிடலாமா? சொன்னால், இருபத்திரண்டு வருடம் நான் கொடுத்த ஒவ்வொரு பலகையையும் மனதுக்குள் புரட்டுவார். ஆம்ஸ்டர்டாமில் அவரைக் கொத்திக்கொண்டு போக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். போய்விடுவார். சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் ஒரு வாரம் வருத்தப்படுவார், பிறகு சரியாகிவிடும்.

ஜனவரி 26

சரியாகவில்லை.

சந்தைத் திடலில் யோர்டனைப் பார்த்தேன். மீன் கடைக்கு எதிரே நின்று பெரிய தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போனால் எண்ணுகிறார். கோபுர மாடத்துக் கைப்பிடியில் சின்னச் சின்னத் தூண்கள் இருக்கின்றன, அவற்றை. ஒரு கண்ணைப் பொத்தி எண்ணி, பிறகு மற்றதைப் பொத்தி எண்ணினார்.

என்னைக் கண்டதும் கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டார். பனி பெய்யும்போலிருக்கிறது என்றார். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது.

வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஜனவரி 30

அலைட் வந்தாள். உட்காரவில்லை. நாளைச் சனிக்கிழமை அல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை, ஏழாம் தேதி, லைடனிலிருந்து ஒரு செதுக்குக்காரன் வந்து யோர்டனின் கத்திகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறானாம். எல்லாவற்றையும் தீட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டாராம். எடைமண்டபத்தில் மூட்டை தூக்கக் கேட்டிருக்கிறாராம்.

"காலையில எழுந்ததும் கோபுரத்துக்குப் போயிடறாருடி. ஒரு நாள் நாப்பதுங்கறாரு, ஒரு நாள் நாப்பத்திரெண்டுங்கறாரு. நான் எண்ணினா எனக்கும்தான் ஒரு நாளுக்கு ஒரு கணக்கு வருது. நீ சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு."

என்ன சொல்ல வேண்டும் என்றேன்.

"அவரு கண்ணு நல்லாதான் இருக்குன்னு."

அவள் போன பிறகு அடுப்பைக் கிளறினேன், அலமாரியைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். கத்திகள் போய்விட்டால் மனிதன் போய்விட்டான். ஏழாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கிறது. எட்டு நாளில் ஒரு வழி கண்டுபிடிக்க முடியாதா என்னால்? எதிலிருந்தெல்லாம் தப்பித்து வந்தவள் நான்.

ஜனவரி 31

வழி இருக்கிறது!

விடியற்காலையில் எவெர்ட் காகிதக் கட்டுகளை நனைத்துக்கொண்டிருந்தான். எப்போதும் ஈரக் காகிதத்தில்தான் அச்சடிப்போம். நனைந்த தாளைக் காய்ந்த தாள்மேல் வைத்துப் பார்த்தேன். நனைந்தது பெரிது. ஒரு பக்கம்தான் அப்படி, மறுபக்கம் அவ்வளவு இல்லை.

"நனைஞ்சா வளராம என்ன பண்ணும்? எல்லா அச்சுக்காரனுக்கும் தெரிஞ்சதுதானே," என்றான் எவெர்ட்.

எனக்கு வெளுப்புக்களம் ஞாபகம் வந்தது. ஈரத்தில் இழுத்த துணி, முழக்கோல், எஜமானனின் சிரிப்பு. நிறக்கட்டை சுருங்கிவிட்டதா? அதைக் காய்ந்த காகிதத்தில் அடிப்போம். இரண்டு நாள் தொங்கவிட்டு மை பிடித்ததும் தாளை நனைப்போம். தாள் வளரும், அதன்மேல் இருக்கும் நிறமும் கூடவே வளரும். வளர்ந்த தாளில் கோட்டுக்கட்டையை அடித்தால்?

காகிதம் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கத்தை மரம் சுருங்கிய பக்கத்துக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். காய்ந்த காகிதத்தில் நிறம் சரியாகப் பிடிக்காமல் எவெர்ட் திருகுத்தடியில் தொங்கித் தொங்கி இழுத்தான். "இந்த ராஜா என்னை அவன் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுவாம்மா." முப்பது தாள் அடித்துக் கயிற்றில் போட்டோம்.

பிப்ரவரி 3

முதல் பத்துத் தாள் அதிகம் நனைந்து, வெளிச்சம் தோளைத் தாண்டி வெளியே போய்விட்டது. அடுத்த பத்தில் குறைவு.

பிப்ரவரி 4

பொருந்திவிட்டது. இருபத்தாறாவது தாள். வெளிச்சம் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது, இந்த மூன்று மாதமும் வெளியே எங்கோ சுற்றிவிட்டு வீடு திரும்பியதைப் போல. எவெர்டுக்கு இரண்டு குவளை பீர் ஊற்றினேன். எனக்கும் ஒன்று.

எதையும் சொல்லாமலே முடிந்துவிடும். தாளைக் காட்டினால் போதும்.

பிப்ரவரி 5

நான் ஒரு மடச்சி.

தாளைக் கொண்டுபோனேன். யோர்டன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்படி என்று ஒரே வார்த்தை கேட்டார். காகிதத்தை நனைத்த விதத்தைச் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். தாளை மெதுவாக என்னிடமே நீட்டினார்.

"நல்லா மூடியிருக்க."

"எதை?"

"என் குருட்டுத்தனத்த. நிறத்த நான் தப்பா செதுக்கினேன். நீ காகிதத்த இழுத்து அதக் கோட்டுக்குக் கீழ கொண்டுவந்து உக்கார வெச்சிருக்க. எனக்காக எவெர்ட் அஞ்சு நாள் முதுகு ஒடிஞ்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் நான் கெடுப்பேன், நீங்க ரெண்டு பேரும் நனைச்சுக்கிட்டே இருப்பீங்களா? வேணாம்மா. சனிக்கிழமை அவன் வர்றான்."

என்னிடம் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

அலைட் அடுப்படியிலிருந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படம் தெரியாது, காகிதம் தெரியும். இழுத்த துணி தெரியும். தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏடி, இது நம்ம களத்து வித்தையில்ல?" என்றாள். "எஜமான் கொறைவா நெய்ததத்தான் நாம இழுப்போம். இங்க என்னத்த எவன் கொறைச்சான்?"

தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது பனியில் வழுக்கி விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஒரு பொய்யை மூட ஒரு நல்ல வேலை செய்தேன், அது பொய்யை இன்னும் பெரிதாக்கிவிட்டது. நல்ல வேலையே செய்யாமல் இருந்திருந்தால் மனிதர் இவ்வளவு கூனிப்போயிருக்க மாட்டார்.

நாளை வெள்ளி. நாளை மறுநாள் லைடன்காரன்.

பிப்ரவரி 6

சொல்லிவிட்டேன்.

மதியம் போனேன். பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள் அலைட். கரண்டியைத் தொட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது, அதனால் நின்றுகொண்டே சொன்னேன்.

"பலகை பச்சை மரம். குடுத்தப்ப மரம் விழுந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்துது. உங்க கண்ணு இல்ல, மரம் சுருங்கிடுச்சு."

யோர்டன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கை கன்னத்துக்குப் போயிற்று, தானாகவே.

"கன்னத்துல வெச்சேனே."

"ரெண்டு நாள் அடுப்புக்கிட்ட வெச்சிருந்தேன்."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"திருப்பினியா?"

"மணிக்கொரு தரம்."

"அதான் வெடிக்கல," என்றார். என்ன மனிதர் இவர். இந்த நேரத்திலும் மரம் ஏன் வெடிக்கவில்லை என்பதுதான்.

அப்புறம் கேட்டார்: "மரம்தான்னு எப்பத் தெரியும் உனக்கு?"

இங்கே ஒரு பொய் கையில் தயாராக இருந்தது. நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பதினாலு நாளா."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து கோபுரம் தெரியாது, எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே, "பதினாலு நாள் தூண எண்ணினேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அலைட் கதவைத் திறந்து பிடித்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது.

"போடி," என்றாள். "பல்லக் கடிச்சிட்டிருக்கேன், போயிடு."

வீட்டுக்கு வந்து எவெர்டை எதற்கோ திட்டினேன். அவன் செய்யாத ஏதோ ஒன்று.

பிப்ரவரி 7

லைடன்காரன் பத்து மணிக்கு வர வேண்டும், கால்வாய் உறைந்ததால் வண்டியில். யோர்டன் தெருவுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்து, போகாமல் எவெர்டை அனுப்பினேன். மூன்று மணிக்கு வந்தான்.

"லைடன்காரரு உள்ள போனாரு, சாப்பிட்டாரு, வெளிய வந்தாரு."

கையில் என்ன இருந்தது என்றேன்.

"பொட்டலம்."

எவ்வளவு பெரியது? கத்தி அளவா? எப்படிச் சுற்றியிருந்தது? "துணியிலம்மா," என்றான், வேறெதில் சுற்றுவார்கள் என்கிற மாதிரி.

பிப்ரவரி 9

ஆம்ஸ்டர்டாமில் விசாரித்தேன், வேறு செதுக்குக்காரன் யார் இருக்கிறான் என்று. இரண்டு பெயர் சொன்னார்கள். ஒருவன் குடிகாரன். இன்னொருவன் மாதிரிக்கு ஒரு இலை செதுக்கி அனுப்பியிருந்தான். இலையா அது? முட்டைக்கோசை மாடு மிதித்த மாதிரி.

மாதிரியை அடுப்பில் போட்டேன். நல்ல காய்ந்த மரம். நன்றாக எரிந்தது.

பிப்ரவரி 12

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16

விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். யோர்டன். தொப்பியில் பனி, கையிடுக்கில் எண்ணெய்த் துணிச் சுருட்டு. விரித்தார்: பதினேழு கத்தி, இரண்டு உளி. எல்லாம் இருந்தன.

லைடன்காரன் கையில் பொட்டலம் இருந்ததே என்று கேட்டுவிட்டேன்.

"அவ்வளவு தூரம் வந்தவன வெறுங்கையோடவா அனுப்புறது? அலைட் பாலாடைக்கட்டி குடுத்தா."

பின்னாலிருந்து எவெர்ட், "துணியில சுத்தியிருந்துதுன்னு சொன்னேன்ல?" என்றான்.

யோர்டன் நிறக்கட்டைகளைக் கேட்டார். கவராயத்தை வைத்து அளந்தார், நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று. "ஒரு வாற்கோதுமை," என்றார். "அன்னிக்கே அளந்திருந்தா அஞ்சு நிமிஷம். நான் அளக்கல." அதை எனக்குச் சொல்லவில்லை, கட்டைக்குச் சொன்னார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விடு. மறக்க மாட்டேன், மறந்துட்டேன்னு சொல்லவும் மாட்டேன். அந்தக் காகித வித்தையக் காட்டு."

ஆனால் அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே என்றேன்.

"என் குருட்டுத்தனத்த மூடினா அது அவமானம். உன் திருட்டுத்தனத்த மூடினா அது தொழில்."

எவெர்ட் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மை பூசும் உருண்டை கீழே விழுந்தது. யோர்டன் சிரிக்கவில்லை. நானும்தான்.

மோர் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை.

மார்ச் 6

எண்பது புளூட்டோ கட்டியாயிற்று. யோர்டன் தினமும் வந்து ஈரத்தின் அளவைத் தானே பார்த்தார், தாளைத் தொட்டே சொல்லிவிடுகிறார். ஓரங்களில் சின்னத் திருத்தம் செய்தார். என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "எவெர்ட், உங்க முதலாளியம்மாகிட்ட மஞ்சளைக் குறைக்கச் சொல்லு" என்பார், நான் இரண்டடி தூரத்தில் நிற்கும்போதே. எவெர்டும் என் பக்கம் திரும்பி அதை அப்படியே சொல்வான்.

பொதிகள் நாளை வண்டியேறுகின்றன.

ஏப்ரல் 11

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து திரும்பினேன். மூன்று சகோதரர்களும் கடைசித் தாள்வரை போய்விட்டார்கள். நூரெம்பெர்க் வியாபாரி ஒருவர் புளூட்டோவின் தோளை மோதிர விரலால் காட்டி, வெள்ளை மையை எதில் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டார். ரகசியம் என்று வாய்வரை வந்தது. மை இல்லை, யோர்டன் லூபெர்ட்ஸ் என்று ஒருவர் மரத்தைத் தோண்டி வைத்த இடம் என்றேன். அவர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். ஆளை என்னிடமிருந்து பறிக்கவும் எழுதியிருக்கலாம். என்ன செய்ய?

அடுத்து மூன்று சகோதரிகள் வேண்டும் என்கிறார். அவசரமில்லையாம், அவசரப்படாதீர்கள் என்று அவரே சொன்னார்.

மே 4

ஹேம்ஸ்டேட் தோட்டக்காரன் இன்னொரு பேரிமரத்தை இந்தக் குளிர்காலத்தில் அறுத்திருக்கிறான். ஆறு பலகை வாங்கினேன். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை. அடுப்பே இன்று ஏற்றவில்லை, கஞ்சி பக்கத்துவீட்டில் வாங்கிக் குடித்தேன்.

யோர்டன் வந்தார். பலகைகளைப் பார்த்தார். முதல் பலகையைக் கையில் தூக்கினார், கன்னத்துக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். கொண்டுபோகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார், எவெர்ட் நடுவில் இல்லாமல்:

"எத்தன வருஷம்?"

"மூணு மாசம்," என்றேன். "தொட்டாலே ஒட்டும்."

தலையாட்டினார். பரணுக்குத் தூக்கினோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்கினார். ஏணியில் இறங்கினார், போய்விட்டார்.

மேசையில் மோர் வைத்திருந்தேன். அதை எவெர்ட் குடித்துவிட்டிருந்தான்.

சாயங்காலம் குச்சிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பரணேறினேன். ஆறு பலகையின் ஓரத்திலும் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறார், எப்போது செதுக்கலாம் என்று. 1601.

அவர் அப்பாவுக்குக் கண் போனது அறுபதில். அப்போது இவருக்கு அறுபத்தொன்று.